காய்ச்சல் நாளில் ஒரு சொட்டு இரத்தம்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் சகோதரிகளுக்கு,



கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் திட்டம் தொடங்கியபோது, கொரோனாவின் இரண்டாம் அலை அப்போதுதான் வடிந்திருந்தது. பஸ் ஓடாமலும், ஆஸ்பத்திரிக்கு வரப் பயந்தும், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் போட்டுவந்த மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்கள் வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நீங்கள். மகளிர் குழுக்களிலிருந்து வந்து, பையில் குளுக்கோமீட்டரும் இரத்த அழுத்தக் கருவியுமாகத் தெருத்தெருவாக நடக்கிற உங்களுக்கு, பொது மருத்துவ வார்டில் வேலை பார்க்கும் ஒரு மருத்துவர் எழுதும் கடிதம் இது.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சளி, இருமல், காய்ச்சல் என்று சுருண்டு படுத்திருக்கும் சர்க்கரை நோயாளியை எந்த வீட்டில் பார்த்தாலும், அன்று மாத்திரை கொடுக்கும் நாளாக இல்லாவிட்டாலும், அன்றே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 'காய்ச்சல் விடட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிவைக்காதீர்கள். ஆண்டு முழுவதும் எடுக்கும் அளவுகளைவிட அந்த ஒரு நாள் எடுக்கும் அளவு சில வேளைகளில் பெரிய காரியத்தைச் செய்யும்.

நான் ஏன் உங்களிடம் இதைக் கேட்கிறேன்? வார்டுக்கு வருகிறவர்களை நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலோ ஆறாம் நாளிலோதான். அதற்குள் நாக்கு வறண்டிருக்கும், மூச்சு வாங்கும், சர்க்கரை நானூறைத் தொட்டிருக்கும். 'எப்போதிருந்து இப்படி?' என்று கேட்டால் உடன் வந்த மகளுக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தது தெரியும், சாப்பிடாதது தெரியும், சர்க்கரையை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாம் நாளில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ் எதுவானாலும் சர்க்கரை நோயாளியிடம் அது கூடுதல் மூர்க்கம் காட்டும் என்பதை மருத்துவ உலகம் கொரோனாவுக்கு முன்பே அறிந்திருந்தது. 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கணக்கெடுத்தார்கள். அந்தக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மடங்காக இருந்தது. சேர்ந்த பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு நான்கு மடங்கு. பிறகு கொரோனா வந்தது. இங்கிலாந்தில் 2020 மார்ச் முதல் மே 11 வரை மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்த 23,698 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சர்க்கரை நோயாளி. வயது, பாலினம், வறுமை, இனம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இறப்பின் வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரண்டு மடங்காகவும், முதல் வகையினருக்கு மூன்றரை மடங்காகவும் இருந்தது.

இந்த எண்கள் கேட்பவர்களைக் கலங்க வைக்கும். ஆகவே நோயாளியின் வீட்டில் இவற்றைச் சொல்ல வேண்டாம். அங்கே சொல்ல வேண்டிய எண் வேறு; அது சீனாவிலிருந்து வந்தது. கொரோனா முதலில் வெடித்த ஹூபெய் மாகாண மருத்துவமனைகளில் 7,337 நோயாளிகளின் ஏடுகளைப் புரட்டினார்கள். அவர்களில் 952 பேர் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள். மருத்துவமனையில் இருந்த நாட்களில் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் நின்றவர்களில் இறந்தவர்கள் 100-க்கு ஏறத்தாழ ஒருவர். அந்த எல்லையைத் தாண்டிப் போனவர்களில் 100-க்கு 11 பேர். இரு பிரிவினருக்கும் ஒரே வைரஸ், அதே சர்க்கரை நோய்.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு ஏடுகளைப் பார்த்துச் செய்தது. நோய் முற்றியதாலும் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறியதாலும் நோய் முற்றும். இரண்டையும் கத்தி வைத்து அறுத்ததுபோல் பிரிக்க அதனால் முடியாது. ஆனாலும் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த கணக்குகள் ஒரே பக்கம்தான் கைகாட்டின. பிரான்ஸில் 'கொரோனாடோ' என்ற பெயரில் 1,317 சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்த ஏழாம் நாளுக்குள் பத்தில் ஒருவர் இறந்துபோனார். யாருக்கு நோய் முற்றியது என்று பார்த்தபோது, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி அதை முன்கூட்டிக் காட்டவில்லை. சேர்ந்த நாளில் இருந்த சர்க்கரை காட்டியது. இங்கிலாந்தின் பெரிய கணக்கில் எச்பிஏ1சி பத்துக்கு மேல் இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடித்தான் இருந்தது. நெடுநாள் கட்டுப்பாடும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் காய்ச்சலில் படுத்திருப்பவரின் கடந்த மூன்று மாதங்களை நம்மால் மாற்ற முடியாது. இன்றைய சர்க்கரையை மாற்றலாம். என் நம்பிக்கை முழுவதும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வீட்டாரிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்கு எளிதாக இருக்கும். வைரஸ் நுழைந்ததும் உடல் போருக்குத் தயாராகிறது. கார்டிசால், அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருகுகின்றன. அவை கல்லீரலிடம், சேர்த்து வைத்த சர்க்கரையை எல்லாம் இரத்தத்தில் இறக்கு என்று கட்டளையிடுகின்றன. கூடவே இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் ஈடு கொடுத்துவிடும். நோயாளிக்கு அது முடியாது. அதனால் ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்காமல் படுத்திருப்பவருக்கும் சர்க்கரை ஏறும். 'சாப்பிடவே இல்லையே டாக்டர், எப்படி ஏறும்?' என்று கேட்காத குடும்பம் கிடையாது. அது நியாயமான கேள்வி. அதற்கான விடை அந்த வீட்டில் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பலர் ஐந்தாம் நாள் வரை காத்திருக்க மாட்டார்கள்.

ஏறிய சர்க்கரை சும்மா இருப்பதில்லை. கிருமியைத் தேடிப் போய் விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. அதே நேரத்தில், அடங்க வேண்டிய அழற்சி அடங்காமல் நுரையீரலையே சுடுகிறது. பிரேசிலின் கம்பினாஸ் நகர ஆய்வாளர்கள் 2020-ல் ஒன்றைக் கண்டார்கள். சர்க்கரை மிகுந்த சூழலில் கொரோனா வைரஸ் மோனோசைட் என்னும் வெள்ளணுவுக்குள் இன்னும் வேகமாகப் பெருகுகிறது. காக்க வந்த அணுவே வைரஸுக்கு இரை கொடுக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது மூச்சுக்குழாயை நனைக்கும் நீர்மத்திலும் அது கசிந்து, வைரஸுக்குப் பின்னால் வரும் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் ஏற்கெனவே பழுதாகியிருப்பதால் இரத்தம் உறையும் போக்கும் கூடுகிறது. சிறுநீரகமோ இதயமோ முன்பே தளர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பிரான்ஸ் ஆய்விலும், கண், சிறுநீரகம், இதயம் என்று சர்க்கரையின் நெடுநாள் பாதிப்பு இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டவர்கள் யார் என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். காய்ச்சல் காலத்தில் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இதில்தான் வீடுகளில் அதிகக் குழப்பம்.

'சாப்பாடு இறங்கல, அதனால சுகர் மாத்திரை போடல.' இந்தச் சொல்லை நீங்கள் என்னைவிட அதிகம் கேட்டிருப்பீர்கள். சொல்கிறவர்கள் முழுத் தவறு செய்யவில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைப் போட்டுவிட்டு ஒன்றுமே சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும், குறிப்பாக வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும். அந்தப் பயம் அனுபவத்தில் வந்தது. ஆனால் காய்ச்சல் உள்ளுக்குள் சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது எல்லா மாத்திரையையும் மொத்தமாக நிறுத்துவது வேறொரு பள்ளத்தில் தள்ளும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊகிக்க முடியாது. குத்திப் பார்த்தால்தான் தெரியும். எழுபதுக்குக் கீழே என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஆள் சுயநினைவில் இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். முந்நூறைத் தாண்டினால், அல்லது இருநூற்றைம்பதுக்கு மேல் இருந்து வாந்தியும் இருந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ உங்களை நான் கேட்கவில்லை. அது மருத்துவரின் பொறுப்பு. உங்கள் பகுதி செவிலியரிடமோ மருத்துவ அலுவலரிடமோ போனில் சொல்ல வேண்டியவை இவை: சர்க்கரை எவ்வளவு, சாப்பிடுகிறாரா, வாந்தியோ வயிற்றுப்போக்கோ உண்டா, என்னென்ன மாத்திரை. வாந்தியெடுத்து உடல் வறண்டவருக்கு மெட்ஃபார்மினைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலின் போடுபவர் என்றால், சாப்பிடவில்லை என்ற காரணத்தால் அதை அடியோடு நிறுத்தவே கூடாது என்பதை வீட்டாரிடம் அழுத்திச் சொல்லுங்கள். சிறு வயதிலிருந்து இன்சுலினில் இருக்கும் முதல் வகையினருக்கு ஒரு நாள் நிறுத்தம்கூட உயிரைக் கேட்கும்.

தனியார் கிளினிக்கில் பார்க்கிறவர்களின் மாத்திரை அட்டையையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயர்கள் இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்த பிறகு விலை வெகுவாக இறங்கி, சிற்றூர் வரை வந்துவிட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து அது. ஆனால் காய்ச்சலில் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் கிடக்கும்போது அதைத் தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் சேரக்கூடும். அப்போது குளுக்கோமீட்டரில் இருநூறுக்குக் கீழேகூடக் காட்டும். அதனால் எல்லோரும் ஏமாந்துபோவார்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குதல் இருந்தால், எண் என்ன சொன்னாலும் அனுப்பிவையுங்கள்.

அடுத்தது, மருந்துக்கடையில் வாங்கும் 'செட்'. காய்ச்சலுக்கு ஒரு செட், சளிக்கு ஒரு செட் என்று சின்னக் காகிதப் பொட்டலத்தில் நாலைந்து மாத்திரை, அட்டை இல்லாமல், பெயர் இல்லாமல். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளத்தை இழந்து டாக்டருக்காகக் காத்திருக்க முடியாது. அவர் கடைக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொட்டலத்தில் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று இருந்தால், காய்ச்சல் மந்திரம்போல இறங்கும். சர்க்கரை அதே வேகத்தில் ஏறும். ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து என்பதும் உண்மை. இங்கிலாந்தின் 'ரிக்கவரி' ஆய்வு 2020 ஜூனில் அதை நிறுவியது: வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்றும் சொன்னது. அந்த இரண்டாம் பாதி நம் ஊர்களுக்கு வந்து சேரவே இல்லை.

சேராததன் விலையை 2021-ல் கண்ணெதிரே பார்த்தோம். கருப்புப் பூஞ்சை. மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. நாடு முழுவதும் 45,000-க்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் வந்ததாகவும், 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் ஜூலையில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பெரும்பாலானோருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, பெரும்பாலானோர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் ஒரு கண்ணையோ மேல்தாடையையோ இழந்தார்கள். அந்தப் பூஞ்சைக்கான ஆம்போடெரிசின் ஊசிக்காக மாவட்டம் மாவட்டமாக அலைந்த குடும்பங்களை மறக்க முடியாது. சாதாரண நாளில் நம் மூக்கின் வழியே வந்துபோகும் பூஞ்சைதான் அது. ஏறிய சர்க்கரையும் அடங்கிய எதிர்ப்பு சக்தியும் அதற்கு வழிவிட்டன. இன்றும் காய்ச்சலுக்குப் பின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், மரத்துப்போதல், ஒரு கண்ணில் வலி, பார்வை இரண்டாகத் தெரிவது, மூக்கிலிருந்து கருமையாக வடிவது, பல் ஆடுவது என்று எந்தச் சர்க்கரை நோயாளி சொன்னாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க விடாதீர்கள்.

ஸ்டீராய்டு எடுக்கிறவரிடம் ஒரு நுட்பம் உண்டு. காலையில் போட்ட மாத்திரையின் தாக்கம் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையில் உச்சம் காட்டும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த அளவு நன்றாகவே இருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதியடைந்து விடுகிறார்கள். முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, மாலையில் நீங்கள் வீடு திரும்பும் வழியிலோ ஒருமுறை பாருங்கள்.

சர்க்கரையோடு மூச்சையும் பார்க்கக் கேட்கிறேன். ஆக்சிஜன் குறைந்தபோதும் மூச்சுத் திணறலே தெரியாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கொரோனாவில் நிறையப் பார்த்தோம். பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள்; அளவு 94-க்குக் கீழே போனால் அனுப்புங்கள். கருவி இல்லாவிட்டால், அவர் அறியாமல் ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினால் அவர் 'ஒண்ணுமில்லம்மா' என்று சொன்னாலும் நம்பாதீர்கள். நம் பாட்டிமார்கள் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று எதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

தடுப்பூசி பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஃபுளூ தடுப்பூசி போட வேண்டும் என்பது மருத்துவர்களிடையே ஒத்த கருத்து. பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் ஃபுளூ பருவத்தில் இறப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆனால் நம் ஊர் பெரியவர்களில் அதைப் போட்டுக்கொண்டவர் மிகச் சிலர். விலை ஒரு காரணம். யாரும் சொல்லாதது இன்னொரு காரணம். இந்தியாவின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையோடு ஃபுளூ ஏறும். சென்னை, வேலூர் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் உச்சம், நம் வடகிழக்கு மழையோடு. ஆகவே மழை தொடங்குமுன் போட்டால்தான் பலன். வசதியுள்ள வீடுகளில் இதைச் சொல்லுங்கள். வசதியில்லாதவர்களுக்கு அரசு போட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வென்டிலேட்டரில் ஒருவரை ஒரு வாரம் வைத்திருக்கும் செலவில் எத்தனையோ பேருக்குப் போடலாம்.

காய்ச்சல் விட்ட பிறகும் அவரை மறந்துவிடாதீர்கள். அதுவரை சர்க்கரை இல்லாதவர் என்று உங்கள் பதிவேட்டில் இருப்பவருக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் செய்த பெரிய ஆய்வில், கொரோனா வந்து போனவர்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஐசிஎம்ஆர் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். அது வரும் கட்டத்தில் நிற்பவர்கள் இன்னும் பதின்மூன்று கோடிக்கு மேல். அவர்களில் பலருக்குத் தாம் அந்த வரிசையில் நிற்பதே தெரியாது. கடும் காய்ச்சலில் இருந்து எழுந்தவரை மூன்று மாதம் கழித்து ஒருமுறை குத்திப் பாருங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு உங்கள் நிலையைப் பேசாமல் விட்டால் அநியாயம். உங்களுக்குத் தரப்படுவது ஊக்கத்தொகை. வேலையோ முழுநேர வேலையைவிடக் கடினம். மாதக் கணக்குக்கு என்று கொடுத்த, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பில் காய்ச்சல்காரருக்கு ஒன்றைச் செலவிட்டால், பதிவேட்டில் அது எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது. இதைப் படிக்கும் மாவட்ட, வட்டார அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தச் சகோதரிகளுக்குக் கூடுதல் ஸ்ட்ரிப் கொடுங்கள். பதிவேட்டில் 'காய்ச்சல் நாள் சர்க்கரை' என்று ஒரு கட்டம் போடுங்கள். அவர்கள் அழைத்தால் எடுப்பதற்கு ஒரு போன் எண், அதற்குப் பதில் சொல்ல ஒரு செவிலியர், இரண்டும் இரவு எட்டு மணி வரை இருக்கட்டும். நாங்கள் வார்டில் இருந்து செய்ய வேண்டியதும் உண்டு: காய்ச்சலில் வந்து குணமாகிப் போகும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் சீட்டிலும், எந்த மாத்திரை நின்றது, எது தொடர்கிறது, அடுத்து எந்த நாள் குத்திப் பார்க்க வேண்டும் என்று தமிழில், நீங்கள் படிக்கும்படி எழுதி அனுப்புவோம்.

அன்புடன்,
ஒரு பொது மருத்துவர்